சவுண்டு போயிருச்சா?

2021 தீபாவளிக்கு ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். வெடிச் சத்தத்தில் தூக்கம் வராமல் ராத்திரி பதினொன்றரைக்கு ஹாலுக்கு வந்தவர், நான் டிவியில் போட்டிருந்ததை நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். கவுண்டர் ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமின் பெரிய போட்டியான மேஜர் ஸ்டாக்ஹோமில் நடந்துகொண்டிருந்த வாரம் அது. சித்தப்பாவுக்கு அந்த ஆட்டம் சுத்தமாகத் தெரியாது, இங்கிலீஷும் வேகமாகப் பேசினால் பிடிபடாது. ஆனாலும் மூன்று ரவுண்டு போவதற்குள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கட்சி பாம் வைக்கப் பார்க்கிறது, இன்னொரு கட்சி தடுக்கப் பார்க்கிறது, செத்தவன் அடுத்த ரவுண்டு வரை வரமாட்டான். இவ்வளவுதான் விஷயம் என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்.

அடுத்த ரவுண்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொருவராக விழுந்து கடைசியில் ஒருவனுக்கு ஒருவன் என்று வந்து நின்றது. பாம் வைத்தாயிற்று. கமெண்டரி சொல்லிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர், மிச்சம் எவ்வளவு நேரம் இருக்கிறது, இவனிடம் டிஃப்யூஸ் கிட், அதாவது பாமைச் சீக்கிரம் செயலிழக்க வைக்கும் கருவி, இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை. பாமின் பீப் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கிறது, மரப்பலகையில் ஒரு காலடி, அரங்கத்தில் இருந்த கூட்டத்தின் அடங்கிய இரைச்சல். பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும்.

"ஏன்டா, சவுண்டு போயிருச்சா?" என்றார் சித்தப்பா.

போகவில்லை. பேச வேண்டியதை ஏற்கனவே பேசி முடித்துவிட்டார்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் வைத்த பாம் 40 விநாடியில் வெடிக்கும், டிஃப்யூஸ் பண்ண 10 விநாடி வேண்டும், கிட் இருந்தால் 5 போதும். இந்த மூன்று எண்ணும் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் பார்க்கிறவனுக்கு ஒரு வார்த்தை கூடத் தேவையில்லை, அவனே கணக்குப் போட்டுக்கொண்டு நகத்தைக் கடிப்பான். அதோடு அந்த நேரத்தில் ஸ்கிரீனில் எந்த வீரனின் பார்வை ஓடுகிறதோ, அவன் காதுக்குக் கேட்பதுதான் நமக்கும் கேட்கிறது. அந்த ஒரு காலடிச் சத்தத்தை வைத்துத்தான் அவன் திரும்புவதா வேண்டாமா என்று முடிவு எடுக்கிறான். அந்த நேரத்தில் காஸ்டர், அதாவது கமெண்டரி சொல்கிறவர், வாயைத் திறந்தால் அந்தச் சத்தம் நமக்குக் கேட்காமல் போய்விடும்.

பத்து வருஷத்துக்கு மேலாக இந்தப் போட்டிகளை விடாமல் பார்க்கிறேன். கமெண்டரி நல்லதா கெட்டதா என்பதை நான் ஒன்றே ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். நடந்ததைச் சொல்கிறார்களா, நடக்கப் போவதை எதிர்பார்க்க வைக்கிறார்களா? நடந்தது ஸ்கிரீனிலேயே தெரிகிறது. யார் யாரைச் சுட்டான் என்பது மேல் மூலையில் எழுத்தாகவே வந்துவிடுகிறது. அதையே இன்னொரு தடவை உரக்க வாசிப்பதற்கு ஒரு ஆள் எதற்கு?

மறுநாள் சித்தப்பாவே "நேத்து மாதிரி ஒண்ணு போடு" என்றார். அன்றைக்கு ஒரு மொபைல் பேட்டில் ராயல் போட்டியின் ஸ்ட்ரீம் ஓடிக்கொண்டிருந்தது, கடைசி வரை உயிரோடு நிற்கிற டீம் ஜெயிக்கிற ஆட்டம், அதைப் போட்டேன். 16 டீம், டீமுக்கு 4 பேர், மொத்தம் 64 பேர் ஒரே மேப்பில். முதல் நிமிஷத்திலிருந்தே கத்தல்தான். ஒருவன் விழுந்தால் ஒரு கத்தல், அவன் டீம்மேட் அவனைத் தூக்கி விட்டால் அதே அளவுக்கு இன்னொரு கத்தல், யாரோ வண்டியில் ஏறினாலும் அதே கத்தல். கேமரா ஒரு சண்டையிலிருந்து இன்னொரு சண்டைக்கு ஓடுகிறது, போய்ச் சேரும்போது அங்கே செத்தவனின் பெட்டிதான் கிடக்கிறது. சித்தப்பா இரண்டு தடவை "இப்ப யாரு யாரைச் சுட்டாங்க?" என்று கேட்டார், மூன்றாவது தடவை கேட்கவில்லை, எழுந்து பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஆட்டம் அப்படிப்பட்ட ஆட்டம் இல்லை.

பேட்டில் ராயலைக் காட்டுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் பத்தே பேர், ஒரே ஒரு பாம், சண்டை எங்கே போய் முடியும் என்று பாதி ரவுண்டிலேயே ஊகிக்கலாம். இங்கே எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும் எரங்கல் என்கிற மேப்பில் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் சண்டை நடக்கும். ஆனால் இங்கேதான் எதிர்பார்க்க வைப்பதற்கு அருமையான ஒன்று கையிலேயே இருக்கிறது. உயிரோடு இருக்க எல்லோரும் ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அந்த வட்டம் சுருங்கப் போகிறது, எந்த நிமிஷம் சுருங்கும், எந்தப் பக்கமாகச் சுருங்கும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். "இந்த நாலு பேரும் வெட்டவெளியில் இருக்கிறார்கள், முன்னால் இருக்கும் வீட்டில் இன்னொரு டீம் ஜன்னலோரம் காத்திருக்கிறது, இருபது விநாடியில் இவர்கள் அந்த வீட்டைத் தாண்டியே ஆக வேண்டும்" என்று ஒருவர் நிதானமாகச் சொல்லி, கேமராவை அந்த நாலு பேர் மேலேயே வைத்திருந்தால் சித்தப்பா எழுந்து போயிருக்க மாட்டார்.

அப்சர்வர் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் பார்க்கிற படத்தை யார் பார்வையில் காட்டுவது, எப்போது மாற்றுவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். கிரிக்கெட்டில் பந்து இருக்கிற இடத்துக்குக் கேமரா போனால் போதும். இங்கே பந்து கிடையாது. கவுண்டர் ஸ்ட்ரைக் அப்சர்வரின் விரல்களுக்கு அடியில் பத்து எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வீரன். சுவரைத் தாண்டியும் எல்லோரையும் நிழலுருவமாகப் பார்க்கும் வசதி அவருக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு விநாடியில் யார் சுடப் போகிறான் என்று கணித்து, அவன் சுடுவதற்கு முன்பே அவன் பார்வைக்குப் போய்விட வேண்டும். சுட்ட பிறகு போனால் அர்த்தமே இல்லை. ஒரு மேட்ச்சில் இப்படி நூற்றுக்கணக்கான தடவை ஊகிக்கிறார். சரியாக ஊகித்தால் யாருக்கும் அவர் இருப்பதே தெரியாது, ஒரே ஒரு தடவை தவறினால் சாட் முழுக்கத் திட்டு.

2016 ஏப்ரலில் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் கொலம்பஸ் மேஜர் அரையிறுதி. மிராஜ் மேப்பில் லிக்விட் டீம் 15க்கு 9 என்று முன்னால் இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு எடுத்தால் அந்த மேப் அவர்களுக்கு. எதிரில் லுமினாசிட்டி டீமின் கோல்ட்சேரா கையில் ஸ்னைப்பரோடு பி சைட்டில், பாம் வைக்கிற இரண்டு இடங்களில் ஒன்றில், தனியாக நிற்கிறான். ஓடி வருகிறவர்களைப் பார்த்ததும் குதித்துக்கொண்டே, ஸ்கோப்பில் கண்ணை வைக்காமலே சுடுகிறான், அடுத்தடுத்து இரண்டு பேர் விழுகிறார்கள், அப்புறம் மிச்சம் இரண்டு பேரும். லுமினாசிட்டி அங்கிருந்து எழுந்து ஓவர்டைம் வரை போய் அந்த மேப்பையே ஜெயித்தது. ஆட்டத்தைச் செய்த வால்வ் நிறுவனம் பின்னால் மேப்பில் அதே இடத்தில் சுவரில் அதற்கு ஞாபகமாக ஒரு ஓவியமே வரைந்து வைத்தது. அந்த ஷாட்டுகளை இத்தனை வருஷம் கழித்தும் நாம் அவன் கண் வழியாகப் பார்க்கிறோம் என்றால், அந்த நொடியில் சரியான எண்ணில் ஒருவரின் விரல் இருந்தது என்று அர்த்தம். அந்த விரலுக்குச் சொந்தக்காரரின் பெயரை எந்த ரசிகரும் கோஷம் போட்டதில்லை.

காஸ்டர்கள் எதிரிலும் அதே படம்தான் ஓடுகிறது. கேமரா பார்க்காததை அவர்கள் பேசினால் நமக்குக் குழப்பம், கேமரா போகிற இடத்துக்கெல்லாம் பின்னால் ஓடினால் அவர்களுக்கு மூச்சு வாங்கும். நல்ல ஒளிபரப்பில் இது இரண்டு பக்கமும் நடக்கிறது. காஸ்டர் "அந்தப் பக்கம் ஒருத்தன் சத்தமில்லாமல் சுற்றி வருகிறான்" என்று ஆரம்பித்த உடனே அப்சர்வர் அங்கே போகிறார், அப்சர்வர் ஒருவன் மேலேயே நின்றால் காஸ்டர் காரணத்தைப் புரிந்துகொண்டு அவனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

ஆரம்பத்தில் இப்படிக் கிடையாது. காஸ்டர்களை இன்றைக்கும் "ஷவுட்காஸ்டர்" என்று சொல்கிறோமே, அது கத்துகிறவர் என்பதால் வந்த பெயர் இல்லை. வின்ஆம்ப் போட்டுப் பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதைச் செய்த நல்சாஃப்ட் நிறுவனம் 1990களின் கடைசியில் ஷவுட்காஸ்ட் என்று ஒரு இணைய வானொலி மென்பொருள் விட்டது. அப்போது வீடியோ அனுப்புகிற அளவுக்கு யார் வீட்டிலும் இணைய வேகம் இல்லை. அதனால் பார்க்கிறவர் தன் கம்ப்யூட்டரில் ஆட்டத்தைத் திறந்து பார்வையாளராக உள்ளே போய் நிற்பார், குரல் மட்டும் வின்ஆம்ப் வழியாக வரும். படம் ஒரு வழி, குரல் ஒரு வழி. பேசுகிறவருக்குக் கேட்கிறவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே தெரியாது. அப்படிப் பழகிய தலைமுறை வார்த்தையை வீணாக்காமல் பேசக் கற்றுக்கொண்டது என்று எனக்கு ஒரு எண்ணம்.

இப்போது கத்தலுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் கத்தலுக்கு எதிரி இல்லை. 2015 ஆகஸ்ட், சியாட்டில், டோட்டா 2 ஆட்டத்தின் தி இன்டர்நேஷனல் இறுதிப் போட்டி, இவில் ஜீனியசஸ் டீமும் சீனாவின் சிடிஇசி டீமும். ஜெயிக்கிறவர்களுக்கு 66 லட்சம் டாலர். நாலாவது கேமில் சிடிஇசி ஆட்கள் ரோஷனை அடிக்கக் குழிக்குள் கூடியிருக்கிறார்கள். ரோஷன் என்பது மேப்பில் ஒரு குழிக்குள் இருக்கும் பெரிய மிருகம், அதைக் கொன்றால் ஒரு மறுபிறவி கிடைக்கும், ஆனால் அந்தக் குழி குறுகல், உள்ளே எல்லோரும் நெருக்கியடித்துத்தான் நிற்க வேண்டும். அங்கே எதிர் டீம் ஏவிய ஐஸ் பிளாஸ்ட் என்கிற பனி மந்திரம் வந்து இறங்குகிறது. அது பட்டவர்கள் உடல் தேற முடியாது, உயிர் ஒரு அளவுக்குக் கீழே போனதுமே உடைந்து விழுவார்கள். அதே நொடியில் இவில் ஜீனியசஸின் யுனிவர்ஸ் என்கிற சாஹில் அரோரா எர்த்ஷேக்கர் என்ற பாத்திரத்தோடு உள்ளே குதித்து எக்கோ ஸ்லாம் அடிக்கிறார். பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை மடங்கு வலிக்கிற அடி அது.

காஸ்டர் டோபிவான் என்கிற டோபி டாசன் அப்போது கத்திய "இட்ஸ் எ டிசாஸ்டர்" என்ற மூன்று வார்த்தையை டோட்டா பார்க்கிற யாரைக் கேட்டாலும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுவார்கள். நான் அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவை அது ஏன் இப்படிச் சிலிர்க்க வைக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கேமரா முன்கூட்டியே குழிக்கு வந்துவிட்டது. உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. எக்கோ ஸ்லாம் கையில் இருப்பதும் தெரிகிறது. நம் மனசில் "ஐயோ, இப்போது மட்டும் குதித்தால்" என்று ஓட ஆரம்பித்த பிறகுதான் அவர் குதிக்கிறார். அதனால் அந்த மூன்று வார்த்தையில் அடியின் பெயர் இல்லை, எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்கு இல்லை, நம் வாயில் வர இருந்ததை டோபிவான் நமக்கு முன்னால் கத்தினார், அவ்வளவுதான். அதே குரலில் முதல் பத்து நிமிஷத்தில் நடந்த சின்னச் சின்ன சாவுக்கெல்லாம் கத்தியிருந்தால் இதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்? குரலுக்கு ஒரு உச்சம்தான் உண்டு, அதைத் தினமும் செலவு பண்ண முடியாது.

இந்தக் கலையை முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் கொரியர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2000இல் ஓங்கேம்நெட் என்று கேமுக்காகவே ஒரு டிவி சேனல் தொடங்கினார்கள், நம் ஊரில் பாதிப் பேர் மாரியோவைத் தாண்டாத காலம். அவர்களுடைய ஸ்டார்கிராஃப்ட், அதாவது படை கட்டி மோதுகிற ஆட்டத்தின், ஒளிபரப்பில் மூன்று பேர் உட்காருவார்கள். ஜொன் யோங்-ஜுன் குரல் கொடுப்பார், கிம் டே-ஹியோங் ஆட்டத்தின் நுணுக்கம் சொல்வார், ஓம் ஜே-கியோங் கதை சொல்வார். உண்மையிலேயே கதை. ஓம் ஜே-கியோங் காமிக்ஸுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். 2001இல் இலையுதிர் காலத்து இறுதிப் போட்டியில் புரோட்டாஸ் இனத்தை ஆடிய கிம் டோங்-சு, "பேரரசர்" என்று பெயர் வாங்கிய லிம் யோ-ஹ்வானைத் தோற்கடித்தார். அடுத்த வருஷம் அதே பருவத்தில் பார்க் ஜங்-சோக், அதே புரோட்டாஸ், அதே லிம். அவ்வளவு போதும், "இலையுதிர் காலத்துப் புராணம்" என்று ஒரு கதை கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் காற்று குளிர ஆரம்பித்தால் புரோட்டாஸ் ரசிகர்களுக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். யோசித்துப் பார்த்தால் இதுவும் அதே வேலைதான், எதிர்பார்க்க வைப்பது, ஆனால் பத்து விநாடிக்கு இல்லை, ஒரு வருஷத்துக்கு. 2004இல் பூசான் குவாங்கல்லி கடற்கரையில் புரோலீக் என்கிற ஸ்டார்கிராஃப்ட் டீம் லீக்கின் இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு அந்தப் பையன்கள் யார், யாருக்கும் யாருக்கும் என்ன கணக்கு என்பதையெல்லாம் சொல்லி வைத்தவை இந்த மாதிரிக் குரல்கள்தான்.

சியோலில் இருந்தபடி ஜிஎஸ்எல் என்கிற ஸ்டார்கிராஃப்ட் 2 லீக்குக்கு இங்கிலீஷில் கமெண்டரி சொன்ன டேஸ்ட்லெஸ், ஆர்டோசிஸ் ஜோடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2இல் முதல் சில நிமிஷம் வேலைக்காரர்கள் கனிமம் எடுத்துக்கொண்டு போய் வருவதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தை அவர்கள் இரண்டு நண்பர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேசி ஓட்டுவார்கள், சம்பந்தமில்லாத சாப்பாட்டுக் கதை கூட வரும். ஆனால் முதல் சாரணன் எதிரியின் கோட்டைக்குள் எட்டிப் பார்க்கிற கணத்தில் பாதி வாக்கியத்தில் கதையை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். விட வேண்டிய இடம் தெரிந்தவனுக்குத்தான் அந்த மாதிரிப் பேச உரிமை.

கொரியர்களைப் பற்றி இவ்வளவு யோசிக்க எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழில் கேம் கமெண்டரி சொல்ல முடியாது, வேகம் போதாது என்று நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கிலீஷில் என்ன செய்தான் என்பது முன்னாலேயே வந்துவிடும், எங்கே எப்படி என்பது பின்னால் வரும். தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கொரிய மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது! இந்தத் தொழிலையே வளர்த்தவர்கள் அந்த மொழியில் பேசித்தான் வளர்த்தார்கள். உண்மையில் வினை கடைசியில் வருவது இந்த வேலைக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. "பின்னாடி வர்றான்... இவன் பாக்கல... இன்னும் பாக்கல... காலடி கேட்டுச்சா... கேட்டுருச்சு, திரும்பிட்டான்!" ஒவ்வொரு வினையாகத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போகலாம், கடைசி வினை விழுகிற வரை கேட்கிறவனுக்கு மூச்சு விட முடியாது. அதோடு யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை, "விழுந்துட்டான்", "விழுந்துட்டாங்க" என்ற ஒற்றைச் சொல்லிலேயே ஒருவனா கும்பலா என்பது வந்துவிடுகிறது. தேவைப்பட்டால் பேச்சுத் தமிழில் வினையைத் தூக்கி முன்னால் போடவும் தடையில்லை, "எடுத்துட்டான்டா ரெண்டு பேரையும்!" என்று.

இதை நான் சும்மா யோசித்துச் சொல்லவில்லை. 2023இல் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலரண்ட் போட்டி வைத்தார்கள், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரியே இன்னொரு துப்பாக்கி ஆட்டம், நானும் ஒரு நண்பனும் தமிழில் கமெண்டரி சொன்னோம். ஒரு கருத்தரங்கக் கூடம், ஒரு புரொஜெக்டர், இரண்டு மைக், நூறு நூற்றிருபது மாணவர்கள். காலை முதல் மேட்ச்சில் எங்களுக்கும் அந்தக் கத்தல் வியாதி பிடித்துக்கொண்டது, மத்தியானம் சாப்பாட்டுக்குள் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. அதனாலேயே இறுதிப் போட்டிக்குக் குரலைச் சேமித்து வைக்க வேண்டியதாயிற்று. யார் எவ்வளவு பணம் வைத்திருக்கிறார்கள், இந்த ரவுண்டு தோற்றால் அடுத்ததில் துப்பாக்கி வாங்க முடியுமா, அந்தப் பக்கம் புகை அடைத்துக்கொண்டிருப்பது எத்தனை விநாடிக்கு என்று சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தோம். கூடமும் மெல்ல மெல்ல அமைதியாகி முன்னால் சாய்ந்தது.

கடைசி ரவுண்டு. ஒருவனுக்கு ஒருவன். ஸ்பைக், அதாவது இந்த ஆட்டத்தின் பாம், வைத்தாயிற்று, 45 விநாடியில் வெடிக்கும். டிஃப்யூஸ் பண்ண முழுசாக 7 விநாடி வேண்டும், ஆனால் வேலரண்டில் பாதி, அதாவது மூன்றரை விநாடி தாண்டிவிட்டால் விட்டுவிட்டு எழுந்து வந்தாலும் அந்தப் பாதி அப்படியே இருக்கும். நண்பன் அதைச் சொன்னான், "பாதி முடிச்சுட்டான், இன்னும் பாதி இருக்கு" என்று. நான் ஏதோ சேர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் என் மணிக்கட்டின் மேல் கையை வைத்தான். இரண்டு பேரும் மைக்கைக் கீழே இறக்கினோம். ஸ்பைக்கின் சத்தம் வேகமாகிக்கொண்டே போனது, முன்வரிசையில் விளையாடிக்கொண்டிருந்த பையன் கீபோர்டை அழுத்துகிற சத்தம் கூடக் கூடம் முழுக்கக் கேட்டது. மூலையில் மறைந்திருந்தவன் வெளியே எட்டிப் பார்த்தான், புகைக்குள் யாரையும் காணவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் குரலே இல்லாமல், பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்கிற மாதிரி, "தொட்டுட்டான்டா" என்றான்.